மடங்கிய கை

கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசற்காட்டின் நடுவே இருக்கும் சிற்றூர்ப் பள்ளியொன்றிலே நாம் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம். சென்ற ஜூன் திங்களில், கொள்ளுப்பேரனைப் பள்ளியில் சேர்க்கப் பெரியவர் ஒருவர் வந்தார். தொண்ணூறு வயதைத் தொட்டவர். ராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்த குடும்பம். விண்ணப்பத்தாளை வைத்து, மைப்பெட்டியைத் திறந்தோம். அவர் பெருவிரலை நீட்டவில்லை, கையை மடக்கிக்கொண்டார்.

“விரலை மட்டும் கேக்காதீங்க சார். எங்க அய்யா ரேகை வச்சதாலதான், ராத்திரிக்கு ராத்திரி ஸ்டேஷன் வாசல்ல படுத்துக் கிடந்தாரு” என்றார்.

வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர் நாம். எனினும், அந்த மடங்கிய கை நடத்திய பாடத்தைக் கல்லூரியிலே கேட்டதில்லை!

தோழர்களே! அந்தக் கை ஏன் மடங்கிற்று? விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டாம்; கயத்தாறு வரை சென்றால் போதும். 1799 அக்டோபர் 16-இல் அங்கேதான் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 மே திங்களில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் வீழ்ந்தது. ஊமைத்துரையும் மருது சகோதரரும் அவ்வாண்டிலேயே தூக்குமேடை ஏறினர். போர் முடிந்தது, புதிய அரசு பிறந்தது! 1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது: இனி எவரும் ஆயுதம் ஏந்தலாகாது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரரின் காவல் உரிமை கம்பெனியிடம் போயிற்று. எதிர்த்தோரின் நிலம் துணைநின்றோர்க்குப் பங்கிடப்பட்டது. 1803-இல் எட்டயபுரம் போன்ற பாளையங்கள் ஜமீன்களாயின.

வாளேந்தியவர்களின் கணக்கு இவ்வாறு தீர்ந்தது. காட்டை உழுதவன் கணக்கு? பாளையத்திலும் அவன் குடிமகனல்லன், வெறும் குடிபடை. பாளையக்காரர் போருக்கும் அவனே அழுதான். கம்பெனிக் கிஸ்திக்கும் அவனே அழுதான். ஆகவே, வீரத்தை மதிப்போம். ஆனால் பாளையத்தைப் பொற்காலம் என்று பாட நாம் ஆயத்தமில்லை.

காவல்தொழிலால் வாழ்ந்தோர் நிலையோ இன்னும் கொடிது. ஆயுதம் போயிற்று, காவற்கூலி போயிற்று, அவர்கள்மீது அரசு கொண்ட ஐயம் மட்டும் போகவில்லை. 1871-இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், மறவர் உள்ளிட்ட பல சமூகத்தாரின் விரல்கள் மையிலே அழுத்தப்பட்டன. குற்றம் செய்ததற்காகவா? அல்ல, பிறந்ததற்காக! பிறப்பிலே இழிவுண்டு என்று சாத்திரம் சொன்னதைச் சட்டமும் சொல்லிற்று. 1920 ஏப்ரல் 3-இல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களுக்குத் துப்பாக்கிக் குண்டே பதிலாகக் கிடைத்தது.

அந்நாளில் வாக்குரிமை எவருக்கு இருந்தது? 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்துடையவருக்கு, வரி கட்டியவருக்கு, எழுத்தறிந்தவருக்கு. அவர்களோடு, ஓய்வுபெற்ற படைவீரருக்கு! அரசின் துப்பாக்கியைத் தூக்கியிருந்தால், அதுவே ஒரு தகுதி. போரிலே பிறந்த அரசு, மனிதனைப் போர்க்கண்ணாலேயே அளந்தது: நமக்காகச் சுட்டவனா, நம்மைச் சுடக்கூடியவனா?

1947-இல் சென்னை மாகாணம் ரேகைச் சட்டத்தை நீக்கிற்று. 1951-52 பொதுத்தேர்தலில், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது நடைமுறைக்கு வந்தது. குலம் கேளாமல், சொத்துக் கேளாமல், வாள் கேளாமல் மக்கள் பெயரை அரசு எழுதிய ஏடு அது. போர் கொடுத்த வரமல்ல; போர் எழுதிய கணக்கைத் திருத்திய எழுத்து!

பெரியவரிடம் இவற்றையெல்லாம் விரித்துரைக்கவில்லை. “இது ஸ்டேஷன் ஏடு இல்லை, தாத்தா” என்று மட்டும் சொன்னோம்.

“பேரை வச்சுப் புள்ளையைத் தேடி வருவீங்களா?” என்று கேட்டார்.

“வருவோம். ஒருநாள் அவன் பள்ளிக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்டு நாங்களே வீடு தேடி வருவோம்.”

பெரியவர் சிரித்தார். ஆனால் விரலை நீட்டவில்லை. பையனின் தாய் கையெழுத்திட்டாள். அவளும் நம் பள்ளியிலே படித்தவள்தான்.

சட்டம் ஒழிந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தக் கை இன்னும் விரியவில்லை. பிறப்பைக் கேட்டு ஐயுறும் கண் நம்மிடையே உள்ளவரை, அது விரியாது. ஏடு நம் கையில் இருக்கிறது, தோழர்களே. எவன் பெயரை எழுதுகிறோம் என்பதோடு, எதற்காக எழுதுகிறோம் என்பதையும் நாம் மறவாதிருப்போம்!