தெருவில் நின்று கேட்ட மேளம்

கும்பகோணத்தில் நல்ல மேளம் கேட்க ஆசைப்படுகிறவர் சித்திரை வெயிலுக்கு அஞ்சக் கூடாது. மார்கழி சபாவில் நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, இடைவேளையில் கேண்டீன் காப்பியும் உண்டு. அட்சய திருதியை அன்று பெரிய கடைத் தெருவில் பந்தல் மட்டும்தான். சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி என்று ஊரிலுள்ள 12 பெருமாள்களும் கருட வாகனத்தில் அங்கே வந்து ஒரே வரிசையில் சேவை சாதிப்பார்கள். ஊரே அதைப் பார்க்கக் கூடும். எனக்குப் பெருமாளும் வேண்டும்தான். ஆனால் அவருக்கு முன்னால் வரும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும்தான் நான் போனேன். சீட்டு வாங்காமல், கால் வலிக்கும்வரை கேட்கலாம்.

சாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. ராகம் கம்பீர நாட்டை. பாடச் சாகித்தியம் கிடையாது, ஜதிக் கட்டுதான். முதலில் தவில் பேசும். அப்புறம் நாதஸ்வரம் சேரும். அதே பல்லவி காலம் மாறி மாறி வரும்போது தூக்கிச் செல்கிறவர்களின் தோள் அசைவும் மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மேளத்துக்கு நடக்கிறார்களா, நடைக்கு மேளமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீதி திரும்பியதும் ராக ஆலாபனைக்கு இடம் கிடைக்கும். மண்டபத்தில் கேட்ட தோடி வேறு, இரண்டு பக்கமும் கடைகள் உள்ள தெருவில் கேட்கிற தோடி வேறு. நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். அதன் வாய்க்கு நேராக மைக்கை நிறுத்துகிறவர்களை நான் ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பானகம் கொடுத்த தண்ணீர்ப் பந்தலோரம் ஒரு மேளம் சற்று நின்றது. பக்கத்தில் போய்ப் பார்க்க அதுதான் சமயம். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அதிலிருந்து நூலில் தொங்கிய சீவாளிக் கொத்தைத் தடவினார். நாலைந்து சீவாளிகள், கூடவே ஒரு குச்சி. ஒன்றைக் கழற்றினார், இன்னொன்றை வாயில் போட்டு ஊறவைத்தார், குச்சியால் அதன் வாயை இம்மியளவு திறந்தார், ஊதிப் பார்த்தார். முகம் சுளித்தது. மூன்றாவது சீவாளிக்குத்தான் தலை அசைந்தது. "வெயில்ல சட்டுனு காஞ்சிடுது சார். காஞ்சா பேசாது," என்றார்.

தவில்காரர் வலது கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டிருந்தார். துணிப் பட்டையை மைதாப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைத்தால் இறுகிப்போகும், அதுதான் கூடு. வலந்தலையை அந்த விரல்களால் அடிப்பார்கள். இடப்பக்கத் தொப்பிக்குக் கழி. பலா மரத்தைக் குடைந்த கட்டைக்கு முன்பெல்லாம் தோல் வார்தான் பிடிமானம். இன்று இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்துவிட்டன. அவர் மடியில் ஒரு ஸ்பேனர் இருந்தது. மழைக் காலத்தில் தோல் தொய்யும், கோடையில் விறைத்துச் சுருதி ஏறும். ஆகவே வீதிக்கு வீதி ஒரு திருகு. ஒத்து ஊதுகிறவர் இருக்க வேண்டிய இடத்தில் சுருதிப் பெட்டி தொங்கியது. ஒரு ஆளின் கூலி மிச்சம் என்று சொல்வார்கள். மூச்சால் பிடிக்கும் சுருதியில் இருந்த உயிர் அந்தப் பெட்டியில் இல்லை என்பது என் கட்சி.

அன்று கேட்ட வாத்தியம் எங்கே பிறந்தது என்று கேட்டால் பதில் ஒரே ஊர்தான் வரும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. ரயில் நிலையமும் உண்டு. நாதஸ்வரம் செய்யும் பட்டறைகள் அங்கே ஒரு சில வீடுகளில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது; வாசலில் குவிந்த மரச் சீவலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் போனபோது ஆசாரி ஒரு பழைய உத்தரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் ஊரில் இடித்த வீட்டின் உத்தரம். ஆணி அடித்த துளைகளும் சுண்ணாம்புக் கறையும் அதில் அப்படியே இருந்தன. ஆச்சா மரம். இந்த நாட்டு மரங்களில் மிகக் கனமான, மிகக் கெட்டியான வகைகளில் அது ஒன்று. "புது மரத்துல செஞ்சா வாய் ஈரம் பட்டதும் வெடிச்சிடும் தம்பி. வீட்டு மேல கிடந்து ரெண்டு தலைமுறை காஞ்சிருக்கணும். அப்பத்தான் இதுக்குத் தோது," என்றார். உளியால் ஒரு சிம்பைப் பெயர்த்து என் கையில் வைத்தார். உள்ளே கருஞ்சிவப்பு.

உத்தரத்தை அளவாக அறுத்து, கடைசல் இயந்திரத்தில் உருட்டி, நீளக் கம்பிகளால் நடுவே துளையிடுகிறார்கள். வேலையின் கஷ்டம் இங்கேதான். துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரிய வேண்டும். கம்பி ஒரு மயிரிழை விலகினால் மரம் வீண். அந்த மரத்துக்கு மாற்று கடையில் கிடைக்காது. ஆசாரி துளைக்குள் வெளிச்சம் பாய்ச்சிக் கண்ணை வைத்துப் பார்த்தார், திரும்பவும் கம்பியை விட்டார், திரும்பவும் பார்த்தார். பேச்சு நின்றுபோயிற்று. நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு விரல் துளைகள் 7. அதற்குக் கீழே விரல் படாத துளைகள் 5. இந்த ஐந்தையும் அழகுக்குப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் சுருதி நிற்கிறது. வித்துவான்கள் அவற்றில் மெழுகை அப்பியும் சுரண்டியும் தங்கள் சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அடியில் பொருத்துகிற அணசு வாகை மரத்தில் தனியாகக் கடைந்தது.

ஒரு காலத்தில் திமிரி நாதஸ்வரம்தான் வழக்கம். குட்டையானது, சுருதி மேலே நிற்கும். தெருக்கோடியில் இருக்கிறவருக்கும் கேட்கும், ஆனால் சுத்த மத்திமம் அதில் சரியாகப் பேசாது. வித்துவான் உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898-1956) அந்தச் சமாளிப்பு பிடிக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து, நீளமான, சுருதி இறங்கிய பாரி நாதஸ்வரத்தில் அந்த மத்திமத்தை ஒழுங்காகப் பேசவைத்தார். இன்று கோயில்களிலும் கல்யாணங்களிலும் பெரும்பாலும் நீங்கள் கேட்பது அந்தப் பாரிதான். பிள்ளையின் தோடியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. ஆசாரியின் பெயரை வாத்தியம் வாசிக்கிறவர்கள்தான் சொல்கிறார்கள். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளிலும் இதே கதைதான்: திரையில் சிவாஜியின் கன்னமும் கண்ணும், சத்தம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது.

அங்கிருந்து திருவாவடுதுறை பக்கம்தான். சீவாளி செய்கிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். ஆற்றங்கரை நாணல் தட்டையை வெட்டி, உலர்த்தி, அவித்து, மறுபடி உலர்த்தி, பதம் வந்த பிறகே கத்தி வைக்கிறார்கள். நான் பார்த்த பெரியவர் ஒரு தட்டையைச் சீவி, விசிறி மடிப்பாக ஒட்டி, சிறிய உலோகக் கெண்டையின் மேல் நூல் சுற்றிக் கட்டினார். சுற்று முடிந்ததும் உதட்டில் வைத்து ஒரு 'பீ'. அந்த ஒரு சத்தத்தில் தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் விழுந்தது. தேறாதவைதான் அதிகம். பெரிய கடைத் தெருவில் அந்த வித்துவான் மூன்று சீவாளியை மாற்றிப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று: நாணல் ஒன்றுபோல் ஒன்று வளர்வதில்லை. "ப்ளாஸ்டிக்ல பண்றாங்களாமே?" என்று கேட்டேன். பெரியவர் பதிலே சொல்லவில்லை. அடுத்த தட்டையை எடுத்தார்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். அந்த ஊர்ப் பெயரை வேறு யாரும் போட்டு விற்க முடியாது. குறியீடு மரம் தராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஓட்டு வீடுகள் இடிபட இடிபட இப்போதைக்கு ஆச்சா உத்தரம் வருகிறது. காங்கிரீட் வீட்டை இடித்தால் என்ன வரும்? அரசு மாவட்ட இசைப் பள்ளிகளில் பையன்கள் நாதஸ்வரமும் தவிலும் படிக்கிறார்கள், வாசிக்க ஆள் வந்துகொண்டிருக்கிறது. பட்டறையில் உளி பிடிக்க அப்படி ஆள் வருவதாகத் தெரியவில்லை. ஆசாரியின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதில் நான் குறை காண மாட்டேன். உத்தரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, வாத்தியம் விற்கும்வரை காத்திருக்கும் தொழில் இது.

கேட்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருட சேவை அன்று தெரு நிறைய ஜனம். முக்கால்வாசிக் கைகளில் செல்போன், எல்லாம் பெருமாளை நோக்கி. மேளத்தின் பக்கத்தில் நின்று தொடையில் தாளம் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒரு மாமி, ஆலாபனையில் நிஷாதம் நின்ற இடத்தில் "பேஷ்" என்று உரக்கவே சொன்னார். வித்துவான் வாசிப்பை நிறுத்தாமல் கண்ணாலேயே கும்பிட்டார். அதற்கு அப்புறம் அவர் வாசித்தது வேறு ரகம்.

விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் சிறியது. சாமியோடு மேளம் வரும் நேரத்தில் ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்துங்கள். மின்விளக்கு அலங்காரத்துக்குக் கொடுக்கிற தொகையில் ஒரு பங்கை மேளக்காரர்களுக்குக் கூட்டிக் கொடுங்கள். வாசகர்களுக்கு இன்னொன்று. தாத்தா காலத்து வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்றால், உத்தரத்தை விறகுக் கடைக்குத் தள்ளுவதற்கு முன் அது ஆச்சாவா என்று ஒரு தச்சரிடம் கேட்டுவிடுங்கள். ஆச்சா என்றால் நரசிங்கம்பேட்டைக்குச் சொல்லி அனுப்புங்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், விலையும் கொடுப்பார்கள்.