பெரட்டும் மின்மடலும்

எங்கள் தோட்டத்தில் இப்போது லயங்கள் இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள்; ஆட்கள் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், சிங்கப்பூர் என்று சிதறினார்கள். அவர்களுக்கு மாதம் ஒரு மின்மடல் அனுப்புகிறேன். "வாட்ஸ்அப் இருக்கும்போது எதுக்குடா இது?" என்று மாமா கேட்டார். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அங்கே ஒரு சாவுச் செய்தி காணாமலே போய்விடுகிறது மாமா.

செய்திமடல் எழுதக் கற்றுத் தருகிறவர்கள் தலைப்பு வரியில் ஆவலைத் தூண்டச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. விடிகாலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடுவார், மண்டோர் யாருக்கு எந்த நெரை என்று சொல்வார். அங்கே புதிர் போட்டவர் யாருமில்லை. என் தலைப்பு வரியில் மாதமும் முக்கியச் செய்தியும் இருக்கும். அனுப்புநர் இடத்தில் தோட்டத்தின் பெயர். என் பெயரைவிட அதைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே முதலில் இறந்தவர்கள். வெறும் பெயர் போதாது. எங்கள் தோட்டத்தில் முனியாண்டிகள் மட்டும் நாலு பேர். எந்த லயம், யார் மகன், என்ன வேலை செய்தார் என்று எழுதினால்தான் ஆள் கண்முன் வருவார். பிறகுதான் கல்யாணம், கோயில், பிள்ளைகளின் படிப்பு.

அலங்காரம் வைப்பதில்லை. 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மடலின் அடியை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நம் 'க'வுக்கு மூன்று, 'கூ'வுக்கு ஆறு. தமிழே கனம், அதன்மேல் வண்ணக் கட்டங்களின் நிரலையும் ஏற்றினால் தாங்காது. வெட்டுப்படும் அடியில்தான் விலகும் சுட்டி இருக்கும். அதனால் அதை மேலேயே வைத்துவிட்டேன்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரத்துக்குத் தன் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. அது வணிகத்துக்கான சட்டம். நம்மைக் கட்டாது என்று விட்டிருக்கலாம். ஆனால் மூன்றாம் லயத்து அண்ணன் ஒருவர் பதில் போட்டார்: "தம்பி, அந்த லயம் எனக்கு ஞாபகமே வர வேணாம். எடுத்துரு." காரணம் கேட்கவில்லை. அன்றைக்கே எடுத்தேன்.

அவருடைய அக்கா பட்டியலில்தான் இருக்கிறார். முனீஸ்வரன் கோயில் திருவிழா எப்போ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இந்த மாதம் தேதியைத் தலைப்பு வரியிலேயே போட வேண்டும்.