அத்தைக்கு வந்த பொது அறிவுப் பரீட்சை

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குப் பொது அறிவுப் பரீட்சை நடந்தது. ஒருவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன். இன்னொருவர், பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத என் மாமியார். மகன் தோற்றால் ஒரு கோப்பை கைநழுவும், அவ்வளவுதான். அத்தை தோற்றபோது, எங்கள் வீட்டில் இரண்டு வாரம் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் யாருக்காவது பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் காரவள்ளி போக வேண்டும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் எனக்கு மலைதான் முகம் காட்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன். இப்போது பாத்திரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது!

மகனின் பள்ளியில் 'வரலாற்றில் புகழ்பெற்றோர்' என்ற தலைப்பில் வினாடி வினாப் போட்டி அறிவித்திருந்தார்கள். ஒரு நோட்டு நிறைய 200 கேள்விகளும் பதில்களும் எழுதி வைத்திருந்தான். ராத்திரி அடுப்படி வேலையெல்லாம் முடிந்ததும், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்பேன். அவன் பட்பட்டென்று சொல்வான்.

"உலகத்தின் முதல் பெண் பிரதமர்?"

"சிறிமாவோ பண்டாரநாயக்க. இலங்கை. 1960."

"நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர்?"

"மோகனூர். 1888."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளைக்கு என்ன அறிவு என்று பூரித்துப் போனேன்.

அதே சமயத்தில் அத்தையைப் பற்றி மனசுக்குள் ஓர் அரிப்பு. 74 வயது. ஐந்தாறு மாதமாகவே ஆள் மாறிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழியும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒன்று சொன்னால் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்வார். விடிந்தால் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர், எட்டு மணி வரை போர்த்திப் படுத்திருந்தார். "குளுருது அம்மிணி" என்பார், சித்திரை மாதத்தில்! ஒரு நாள் சந்தைக்குப் போனவர் வீடு திரும்பும் வழி புரியாமல் நின்றுவிட்டார். தெரிந்தவர் ஒருவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அன்று ராத்திரி என் கணவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

டாக்டர் இளவயசுக்காரர், மரியாதையான பிள்ளை. ஒரு தாளை வைத்துக்கொண்டு பத்துக் கேள்விகள் கேட்டார். வயது என்ன, இது என்ன வருஷம் என்று ஆரம்பித்தார்.

"இப்போ பிரதமர் யாருங்க பாட்டி?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "ஓட்டெல்லாம் தவறாமப் போட்டிருக்கேன் சாமி. பேரெல்லாம் படிச்சவங்களைக் கேளுங்க."

"முதல் உலகப் போர் எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?"

"உலையா? அது காலையிலேயே வெச்சாச்சுங்களே!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னபோது பதினாறிலேயே நின்றுவிட்டார். கடைசியில் பத்துக்கு நான்கு. "மறதி நோயா இருக்கலாம். மேற்கொண்டு பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை மெதுவாகக் கேட்டார்: "நான் பெயிலாயிட்டேனா அம்மிணி?" நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று ராத்திரியும் மகன் நோட்டோடு வந்தான். மறுத்தால் பிள்ளை பயப்படுவானே என்று கேள்வி கேட்க உட்கார்ந்தேன்.

"கடையெழு வள்ளல்கள் யார்?"

"பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி..." ஆறு பேரோடு நின்றுவிட்டான். விரல் விட்டு எண்ணினான், தலையைச் சொறிந்தான். அவனுக்கு இரண்டு முழம் தள்ளி, சுவரில் சாய்ந்திருந்த அத்தை சொன்னார்:

"ஏஞ்சாமி, நம்ம மலைக்காரனை உட்டுப்போட்டியே! ஓரி!"

சொன்னதோடு நிறுத்தவில்லை. "ஒரே அம்புதான் உட்டான். அது யானையைத் தொளைச்சு, வாயைத் தொறந்த புலியைச் சாய்ச்சு, மானை உருட்டி, பன்னியையும் குத்திப்போட்டு, கடைசியிலே புத்துக்குள்ளே இருந்த உடும்பு மேலே போயி நின்னுச்சாம். பாணருங்க பார்த்துட்டு, யாரோ வேட்டைக்காரன்னு நெனச்சுப் பாட்டுப் பாடுனாங்களாம். பாட்டுலே அவன் பேரு வந்ததும் கூச்சம் வந்துருச்சாம் அவனுக்கு. பேரு சொன்னா கூச்சப்படறவன் சாமி அவன்! அப்புறம் பொன்னும் மணியுமா அள்ளிக் குடுத்தானாம்."

பிறகு தானாகவே சொன்னார்: "அவனைக் கொன்னதும் ஒரு வள்ளல்தான். காரி. கொன்னுபோட்டு மலையைத் தூக்கிச் சேரனுக்குக் குடுத்துட்டான்."

மகன் வாயைப் பிளந்தான். அவன் நோட்டில் காரியும் ஓரியும் ஒரே வரியில்தான் இருந்தார்கள். ஒருவர் கையால் இன்னொருவர் மாண்ட சேதி அதில் இல்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வேட்டையும் அகநானூற்றில் வரும் ஓரியின் முடிவும், படிக்காத என் மாமியாருக்கு எப்படித் தெரிந்தன? பஸ் ரோடு இல்லாத காலத்தில் அவருடைய அப்பா உப்பு மூட்டையோடு மலை ஏறி வியாபாரம் செய்வாராம். நடக்கிற களைப்புத் தெரியாமல் இருக்க மகளுக்குக் கதை சொல்வாராம். மீதியெல்லாம் ஆடி 18-ஐ ஒட்டி மலையில் நடக்கும் வல்வில் ஓரி விழா மேடைகளில் கேட்டது.

எனக்கு நம்பிக்கை துளிர்த்தது. அடுத்த கேள்வியைக் கேட்டேன். "அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர்?"

"டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1954."

அத்தை கையைக் காதோரம் குவித்து, "யாரு, யாரு?" என்று கேட்டார். மகன் கத்திச் சொன்னான். "எதுக்காக அந்தம்மா ஆஸ்பத்திரி கட்டுச்சு?" என்றார் அத்தை. மகன் நோட்டைப் பார்த்தான், நான் மகனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை! மறுநாள் மகன் பள்ளிக்கூட நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தான். முத்துலட்சுமி அம்மையாரின் சொந்தத் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்தாராம். அந்தத் துயரம்தான் அவர் மனசில் விதையாக விழுந்ததாம். இதைக் கேட்டு அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்தார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "ஒரு டாக்டரம்மா, தங்கச்சி செத்ததுக்காக ஆஸ்பத்திரியே கட்டிப்போட்டுது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

சேலத்தில் நரம்பியல் டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். நான் முந்திக்கொண்டு ஓரி கதையைச் சொன்னேன். அவர் புன்னகையோடு தலையசைத்தார்.

"அதை வெச்சு மட்டும் நிம்மதியாயிடாதீங்க. மறதி நோயிலே புதுசுதான் முதல்லே போகும், பழசு ரொம்ப நாள் தங்கும். சின்ன வயசுக் கதையை அப்படியே சொல்றவங்க, காலையிலே சாப்பிட்டதை மறந்திருப்பாங்க. சமீபத்திலே ஏதாவது புதுசாக் கத்துக்கிட்டாங்களா?"

முத்துலட்சுமி ரெட்டி கதையைச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இதைத்தான் கேட்டேன்" என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பத்துக் கேள்விகளைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். 1972-இல் இங்கிலாந்தில் ஹாட்கின்சன் என்ற மருத்துவர் வெளியிட்ட சோதனை அது. முதல் உலகப் போரின் ஆண்டும் அரசரோ அரசியோ யார் என்பதும் அதில் இரண்டு கேள்விகள். அந்த நாட்டு முதியவர்களுக்கு அந்தப் போர் சொந்த வாழ்க்கை. நம் நாட்டில் அரசர் கேள்வி பிரதமர் கேள்வியாக மாறுகிறது. ஆனால் பள்ளிக்கூடம் போகாதவர், தெரிந்திருந்து மறந்தாரா, தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லையா என்று அந்த மதிப்பெண் பிரித்துச் சொல்லாது. இந்தச் சங்கடத்தை உணர்ந்துதான், ஹரியானாவில் பல்லப்கர் பகுதியின் எழுத்தறிவில்லாத முதியவர்களுக்காக ஹிந்தியில் ஒரு சோதனையை அமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். எழுதியதைப் படித்துச் செய் என்பதற்குப் பதிலாக, என்னைப் பார்த்து அதேபோல் செய் என்பார்களாம். இப்போது காலையா, மதியமா, மாலையா என்று கேட்பார்களாம்.

"கேள்வித்தாள் கதவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. உள்ளே போய்ப் பார்த்தாத்தான் விஷயம் தெரியும்" என்றார். பிறகு என்னைத்தான் குடைந்து குடைந்து கேட்டார். போன வருஷம் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை? காசு எண்ணுகிறாரா? பெயர்கள் குழம்புகின்றனவா? சாப்பாடு என்ன? தூக்கம் எப்படி? மாமா காலமான பிறகு அத்தை கவுச்சி தொடுவதில்லை, பாலும் பிடிக்காது என்றேன். குளிருகிறது என்று சொல்வதைச் சொன்னேன். அதை நான் முதல் டாக்டரிடம் சொல்லவே இல்லை. வயசானால் குளிரும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்!

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு. பி12 வைட்டமினும் மிகக் குறைவு. காது டாக்டர் பார்த்ததில் இரண்டு காதும் மந்தம். உலகப் போர் 'உலை'யானதும், பால் பொங்கும் சத்தம் கேட்காததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. மாத்திரை, பி12 ஊசி, காதுக்கு ஒரு கருவி. மூன்று மாதத்தில் அத்தை எங்களுக்கு முன்னால் எழுந்து கோலம் போட்டார்.

பூரண குணம் என்று பெருமையடிக்க மாட்டேன். இன்னும் சாவியைத் தேடுகிறார், சில பெயர்கள் நழுவுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. எல்லாருக்கும் இப்படி மாத்திரையில் சரியாகிவிடும் என்றும் இல்லை. உண்மையான மறதி நோயாகவே இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் பார்த்துக்கொள்வது சுலபம் என்கிறார். அதனால் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறினால் 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்காதீர்கள். ஒரு மதிப்பெண்ணைக் கேட்டு இடிந்தும் போகாதீர்கள். தைராய்டு, பி12, காது, கண், மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள், எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது, என்னென்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கிற நமக்குத்தான் அது தெரியும்.

போட்டியில் என் மகன் இரண்டாவதாக வந்தான். ஏதோ ஒரு வருஷத்தில் கோட்டை விட்டானாம். "ஓரியைப் பத்திக் கேட்டாங்களா சாமி?" என்றார் அத்தை. "இல்லீங்க அப்பத்தா." "அப்ப அது என்ன பரீட்சை?" என்று சிரித்தார். பிறகு காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து, "சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். எங்கம்மா பேரு என்ன?" என்றார்.

நாங்கள் முழித்தோம். என் கணவர்கூடச் சற்று யோசித்து, "ஆத்தான்னுதானே கூப்பிடுவோம்..." என்று இழுத்தார். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஏழு வள்ளல்களின் பெயரும் இப்போது எனக்கு மனப்பாடம். என் மாமியாரைப் பெற்றவர் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை.

அத்தை சொன்னார். மகன் அதை நோட்டில் 201-ஆவது கேள்வியாக எழுதினான். எழுதி முடித்துவிட்டு, "அவங்க என்ன பண்ணுவாங்க அப்பத்தா?" என்று கேட்டான். அத்தை சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட மணி பத்தாகிவிட்டது.