கதவின் கனம்

மலேசியாவின் பழைய கடைவீடுகளில் ஒரு காலத்தில் எண்ணிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கடையை அடைத்தார்கள். பின்னர் அவ்விடத்தை இரும்புச் சுருள்கதவு பிடித்துக்கொண்டது. அத்துணைக் கனமான கதவை ஒருவரே கையால் உயர்த்துவது எவ்வாறு? மேலேயுள்ள உருளைக்குள் முறுக்கி வைத்த வில்சுருள்களே அதன் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. கதவு இறங்க இறங்க அவை முறுக்கேறுகின்றன; ஏறும்போது அம்முறுக்கே நம் கைக்குத் துணையாகிறது.

கதவு கிறீச்சிட்டால், அது ஓடும் இரும்புத் தடங்களில் படிந்த தூசியைத் துடைக்கலாம். பூட்டுக்குச் சிறிது எண்ணெய் இடலாம். இவை நம்மால் இயல்வன. ஆனால், நேற்றுவரை எளிதாக ஏறிய கதவு திடீரெனக் கனத்தாலோ, கைவிட்டதும் விரைந்து விழுந்தாலோ, ஒருபுறம் சாய்ந்தாலோ வில்சுருள் தளர்ந்தோ முறிந்தோ இருக்கலாம். அப்போது தொழில் அறிந்தவரையே அழைக்க வேண்டும்.

எங்கள் கடைத்தெருவில் முதிய மளிகைக்கடைக்காரர் ஒருவர், “நாற்பது ஆண்டாக நான் திறக்கும் கதவுதானே!” என்று ஏணியில் ஏறி உருளையைக் கழற்ற முனைந்தார். “தாத்தா, இறங்குங்கள். ஆள் வரட்டும்” என்று பேரன் ஏணியைப் பற்றிக்கொண்டான். மனத்தாங்கலோடுதான் இறங்கினார். வந்த தொழிலாளியோ, உருளை சுழலாதபடி இரும்புக் கம்பியால் தடுத்த பின்னரே திருகாணியைத் தொட்டார். முறுக்கு திடீரென விடுபட்டால் உருளை சுழன்று கையை முறித்துவிடும் என்றார். பெரியவர் பேரனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாள்தோறும் பயன்படுத்துவதால் ஒரு பொருள் நமக்குப் பழக்கமாகிறது. அதன் உள்ளே அடங்கியிருக்கும் விசையைப் பழக்கம் மட்டும் உணர்த்திவிடாது.