கட்டிலுக்கு வெளியே தொங்கிய கால்

அப்போதெல்லாம் அண்ணனால் ராத்திரியில் காலை நீட்டிப் படுக்க முடியாது. நீட்டினால் பாதம் வெளுத்துப்போய் எரிச்சல் தொடங்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் பாதம் செக்கச் சிவந்து, வலி கொஞ்சம் மட்டுப்படும். அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்வான். வயது நாற்பதைத் தொடவில்லை.

பர்ஜர் நோய் என்றார்கள். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908இல் விரிவாக எழுதிய நோய். கை கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் அழன்று, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். இது வருபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே புகையிலைக்காரர்கள். புகையிலையை அடியோடு விட்டால்தான் நோய் நிற்கும்; நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைத்துக்கொள்வதெல்லாம் பலன் தராது. விடாவிட்டால் விரல், பாதம், கால் என்று வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அண்ணனுக்குக் கட்டைவிரல் கறுத்து, எடுத்தாயிற்று. கட்டுப் பிரிப்பதற்குள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்குப் பின்னால் பீடியோடு நின்றான். "காலை விட பீடி பெருசாப் போச்சோ?" என்றாள் அத்தை. ஒரு டாக்டர் ஃபைலைப் புரட்டியபடியே, "இந்த மாதிரி ஆளுக்குச் செலவு பண்றதே வேஸ்ட்" என்றார். அவன் காதில் விழும்படியே சொன்னார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அண்ணனுக்குப் பயம் இல்லாமலா இருந்தது? விரல் போன இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு அவன் அழுததை நான் பார்த்திருக்கிறேன். பயம் கூடக்கூடப் பீடியும் கூடியது.

நிகோடின் சூயிங்கம், பட்டை எல்லாம் மற்றவர்களுக்கு உதவும். இந்த நோய்க்காரர்களுக்கு நிகோடின் எந்த வழியில் போனாலும் நோய் அடங்காமல் போகலாம் என்று ரத்தநாள டாக்டர் தடுத்துவிட்டார். வெரெனிக்லின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டலும் கெட்ட கனவுமாக அதுவும் நின்றது. அதன் பிறகுதான் சென்னையில் ஒரு மனநல மருத்துவர், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளையைத் தூண்டும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

முதல் நாள் அளவு பார்த்தார்கள். எட்டு வடிவச் சுருளை உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கத்தில் வைத்து, 'டக்' என்று ஒரு துடிப்பு. மடியில் கிடந்த கையின் பெருவிரல் துள்ளியது. இன்னொரு 'டக்'. மறுபடி துள்ளல். எந்த அளவில் விரல் அசையத் தொடங்குகிறதோ அதை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் வலுவைத் தீர்மானிப்பார்களாம். அண்ணன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல தம்பி, நான் ஒண்ணும் சொல்லல, அதுவா ஆடுதுல்லா. பீடிக்குப் போற கையும் இப்படித்தாம்ல போவுது."

அத்தனை வருஷமும் ஊர் முழுக்கத் தன்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லக் கேட்டவன் அவன்.

ஒவ்வொரு தடவையும் சிகிச்சைக்கு முன்னால் பீடிக் கட்டை அவன் கையில் கொடுத்து முகரச் சொன்னார்கள். ஆசையைக் கிளப்பிவிட்டுத்தான் துடிப்பு கொடுப்பார்கள். காதில் அடைப்பான், நெற்றியில் மரங்கொத்தி கொத்துவது போல விட்டு விட்டு அடி. முடிந்ததும் தலைவலியோடு வருவான்.

இந்தச் சிகிச்சையின் வேர் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. பக்கவாதம் போன்றவற்றால் மூளையின் உள்மடிப்பான இன்சுலா சேதமான புகைப்பழக்கக்காரர்கள் சிலர், சிரமமே இல்லாமல் பழக்கத்தை விட்டிருந்ததை நக்வி, பெச்சாரா முதலான ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஆழம் வரை எட்டும் வேறு வகைச் சுருளைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் 262 பேரிடம் சோதித்தார்கள். அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் தொடர்ந்து நான்கு வாரமாவது புகைக்காமல் இருந்தவர்கள் 28 சதவீதம். பொய்த் துடிப்பு பெற்றவர்களில் 11.7. அதாவது நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பலனில்லை. அந்தச் சோதனை பர்ஜர் நோயாளிகளை வைத்து நடந்ததும் அல்ல. எங்களுக்குக் கிடைத்த சுருளோ மூளையின் மேலடுக்கை மட்டும் எட்டுவது. டாக்டர் இதையெல்லாம் மறைக்கவில்லை. வலிப்பு வரும் சிறு வாய்ப்பையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

அண்ணனுக்கு ஆசை அற்றுப்போய்விடவில்லை. "வருது, ஆனா நிக்காமப் போயிருது" என்றான். நடுவில் ஒரு சாவு வீட்டில் பிடித்தான். மறுபடி வாரத்துக்கு ஒரு முறை சிகிச்சைக்குப் போனான். காந்தம் பாதி, கூடவே நடந்த ஆலோசனை பாதி என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன். பாதத்துப் புண் மெல்ல ஆறி வருகிறது. இப்போது படுத்துத் தூங்குகிறான்.

எனக்கு ஒரு கோரிக்கைதான். ரத்தநாளப் பிரிவில் விரலை எடுத்துவிட்டு "பீடியை விடு" என்று எழுதி அனுப்பும் அதே நாளில், அந்த நோயாளியை மனநலப் பிரிவிலும் உட்காரவைத்துப் பேச வேண்டும். காந்தமோ மாத்திரையோ ஆலோசனையோ, அவருக்கு எது பொருந்தும் என்று அங்கே பார்க்கட்டும். அண்ணனை அங்கே அனுப்ப யாருக்காவது தோன்றியது, ஒரு விரல் போன பிறகுதான்.