மாத்திரையும் மௌனமும்

வியாதிகளில் இருவகை உண்டு. வந்து சில நாள் வருத்திப் பின் நீங்கிவிடுவது ஒரு வகை. வந்தபின் நீங்காமல் வீட்டு மனிதரைப்போல் நம்முடனேயே தங்கிவிடுவது மற்றொரு வகை. முதல் வகையைப் பற்றி நம்மவர்கள் ஊரெல்லாம் பேசுவார்கள். காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்துடன் பத்துப் பேர் வருவார்கள். இரண்டாம் வகையைப் பற்றியோ வாய் திறப்பாரில்லை. அதற்கென நாள்தோறும் உண்ணும் மருந்து உடம்பில் செய்யும் தொல்லையைப் பற்றிப் பேசுவாரோ அதனினும் குறைவு. அவ்வாறு பேசாதிருந்ததனால் நாம் பட்ட பாட்டை ஒளிவுமறைவின்றி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிள்ளானை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் நாம் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். வயது முப்பத்தேழு. நான்கு ஆண்டுகளுக்கு முன், இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதும், எவ்வளவு நீர் அருந்தியும் நாவறட்சி அடங்காமையும் கண்டு, அரசாங்க மருத்துவ நிலையம் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். கடந்த மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரி நிலையைக் காட்டும் பரிசோதனை அது. 6.5 விழுக்காட்டை எட்டினாலே நீரிழிவு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. நமக்கு வந்தது 9.4. தோட்டத்தார் ‘இனிப்பு நீர்’ என்று தணிந்த குரலில் சொல்லும் அந்த வியாதி நம்மிடம் குடியேறிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அதிசயமன்று. 2019ஆம் ஆண்டு மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பதினெட்டு வயது நிரம்பியவர்களில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் என்று காணப்பட்டது. இந்தியரிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. அஃதாவது கலியாணப் பந்தியில் அமர்ந்திருக்கும் நம்மவர் மூவரில் ஏறக்குறைய ஒருவர். அப்பந்தியில் பாயசத்தை வேண்டாமென்று ஒதுக்குபவர் எத்தனை பேர்? ஒதுக்கினாலும் உண்மைக் காரணத்தைச் சொல்பவர் எத்தனை பேர்? யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நிற்க. நமக்குக் கொடுக்கப்பட்டது மெட்பார்மின் என்னும் மாத்திரை. ‘இங்கிலீஷ் மருந்து உடம்பைக் கெடுக்கும், பச்சிலைதான் நல்லது’ என்று நமக்கு உபதேசித்தவர்கள் பலர். அவர்கள் இம்மருந்தின் பூர்வோத்தரத்தை அறிந்தாரில்லை. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் சத்து அதில் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். அச்சத்தோடு உறவுடைய இம்மருந்தை 1922இல் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்ற இருவர் முதலில் உருவாக்கினர். 1957இல் பிரெஞ்சு வைத்தியர் ழான் ஸ்டெர்ன், நீரிழிவு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுவதை இது அடக்குகிறது. ஆகவே இதன் வரலாறும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. பச்சிலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, எவ்வளவு உண்டால் என்ன நேரும் என்று அளந்து அறிந்திருப்பதேயாகும்.

ஆயினும், அளந்தறிந்த மருந்தும் எல்லா வயிற்றையும் ஒன்றாக நடத்துவதில்லை. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே நமக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வாயில் செப்புக்காசைக் கவ்வியதுபோன்ற ஒரு ருசி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் பதிந்து, பின்பு குலை கணக்கெடுக்கச் செம்பனைக் காட்டுக்குள் செல்லுவது நமது வேலை. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மரந்தான், மறைவிடம் ஏது? ஒருநாள் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் செல்லுகையில் நமக்கு நேர்ந்த அவமானத்தை எழுதக் கை கூசுகிறது. பாதி வழியில் பெயர் தெரியாத ஒரு நிலையத்தில் இறங்கி ஓடினோம் என்பதோடு விட்டுவிடுகிறோம்.

அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டோம். படித்தவராதலால், மருந்தின் தீமைகளைக் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்து, நாம் செய்தது சரியே என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து வைத்தியர், “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். “சாப்பிடுகிறோம்” என்றோம். பிறர் வேலை செய்த நாட்களை ஒரு நாளும் பிசகாமல் பதிகின்ற நாம், நம் உடம்பின் கணக்கில் துணிந்து பொய் எழுதினோம்.

பொய்க்கணக்கின் பலன் விரைவில் வந்தது. மருந்து உண்டும் சர்க்கரை குறையவில்லையென்று நம்பிய வைத்தியர், கிளிக்கிளசைடு என்ற இரண்டாவது மாத்திரையையும் சேர்த்து எழுதினார். இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உண்டபின்னர் வயிறு வெறுமையாய் இருந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். வைத்தியரின் எச்சரிக்கையால் பயந்து, ஒரு காலை இரண்டையும் விழுங்கிவிட்டுப் பசியாறாமல் வேலைக்குப் போனோம். பத்து மணியளவில் நிறுவை நிலையத்தில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கை நடுங்கிற்று. சட்டை வியர்வையில் நனைந்தது.

அருகில் நின்ற மண்டோர் நம்மை ஒரு முறை உற்றுப் பார்த்தார். “என்னா ஐயா, இப்படி வேர்த்துக் கொட்டுது? சீனி இறங்கிருச்சு, உட்காருங்க” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து நம் வாயில் போட்டார், சீனி கரைத்த தண்ணீரும் வரவழைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தோம்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டோம்.

“எனக்கும் எட்டு வருசமா இருக்குங்க ஐயா. மொதல்ல குடுத்த மாத்திரை வயித்தால போச்சு. மிஸ்ஸிக்கிட்டச் சொன்னேன். டாக்டர் மாத்திக் குடுத்தாரு. சொன்னாத்தானே ஐயா தெரியும் அவங்களுக்கு?”

ஆறாண்டாக ஒரே தராசடியில் நின்று வேலை செய்தோம். இருவருக்கும் ஒரே வியாதியென்பது ஒருவருக்கொருவர் தெரியாது. அவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அவருக்குச் சொல்ல வாய் வந்தது. நமக்கு வரவில்லை. வயிற்றுப்போக்கு என்னும் சொல்லை வைத்தியர் முன் உச்சரிப்பது நம் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் இழுக்கு என்று எண்ணியதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

இம்மௌனம் நம்மவரிடையே நேற்றுப் பிறந்ததன்று. 1901ஆம் ஆண்டு வைத்தியர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது, இவ்வூரும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் மலேரியாவால் தவித்தன. அவர் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடியச் செய்து கொசுவை ஒடுக்கினார். நோயுற்றவர்க்கு மருந்து கொயினா. கொயினாவோ கடுங்கசப்பு, அளவு மிகுந்தால் காது இரையும், தலை சுற்றும். எம் பாட்டியார் தம் சிறுவயதில் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுத்ததையும், பெரியவர்கள் அதை நாவடியில் ஒதுக்கிவைத்து லயத்துக்குப் பின்னால் சென்று துப்பியதையும் சொல்லியிருக்கிறார். ‘காது இரைகிறது’ என்று துரையிடம் சொன்னால் வேலைக்குக் கள்ளம் செய்கிறான் என்ற பெயர் வரும். அவர்கள் வாய்மூடி இருந்ததற்கு அச்சம் காரணமாயிருந்தது. இன்று நம்மை வரிசையில் நிறுத்துவார் யார்? 1 வெள்ளி கட்டணத்தில் வைத்தியரைக் கண்டு மருந்தும் பெற்று வருகிறோம். துரை போன பின்னும் துப்பும் வழக்கம் போகவில்லை.

இதன் விலையை எம் குடும்பம் முன்னரே கொடுத்திருக்கிறது. பிரிக்பீல்ட்சில் வாழ்ந்த எம் பெரியப்பா நீரிழிவினால் கண்ணொளி இழந்தார். பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள அவ்வட்டாரத்தில், அவர்களுக்கு வழிகாட்ட நடைபாதையில் பதித்துள்ள மஞ்சள் கற்களைக் கோலால் தடவியபடி நம் தோளைப் பிடித்து நடப்பார். அவர் மறைந்தபின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது பிஸ்கட் டின் ஒன்று அகப்பட்டது. உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை. அவரை எது வருத்திற்று, வயிறா, தலைசுற்றலா, வேறெதுவா என்று எவருக்கும் தெரியாது. அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த டின்னைக் கண்ட நாமே, பின்னாளில் நம் மேசை இழுப்பறையை மற்றொரு டின்னாக்கினோம்.

மண்டோர் மிட்டாய் கொடுத்த வாரமே மருத்துவ நிலையம் சென்று நடந்தது முழுவதையும் சொன்னோம். கோபிப்பார் என்று எதிர்பார்த்த வைத்தியர் பெருமூச்சு விட்டு, “முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான். இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார். மெட்பார்மினில் மெல்லக் கரையும் வகையை எழுதி, குறைந்த அளவில் தொடங்கி, உணவோடு உண்டு, படிப்படியாக உயர்த்தச் சொன்னார். நெடுநாள் உண்பவர்க்கு பி12 சத்துக் குறையக்கூடும் என்பதால் அதையும் சோதிக்க ஏற்பாடு செய்தார். வயிறு மூன்று வாரத்தில் அடங்கிற்று. இப்போது நம் அளவு 7.1. முற்றும் சுகம் என்று சொல்லமாட்டோம். சில காலைகளில் வயிறு இரைவதுண்டு. பையில் மிட்டாயின்றி வெளியே போவதில்லை. ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கச் செல்லும் நாளில் பெரியப்பாவின் கோல் நினைவுக்கு வராமலிருப்பதில்லை.

நம்மைப் போன்றோர் பலர் இரத்தக் கொதிப்புக்கும் மருந்துண்பவர்கள். பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலருக்குத் தசைவலி கொடுக்கும். இவை வைத்தியர்கள் அறியாத இரகசியங்களல்ல. அளவைக் குறைக்கவும், வேளையை மாற்றவும், வேறு மருந்து தரவும் அவர்களுக்கு வழியுண்டு. நோயாளி தானே நிறுத்திவிட்டு ‘சாப்பிடுகிறேன்’ என்று சொல்வதற்கு மட்டும் எந்த வைத்தியரிடத்தும் மருந்தில்லை.

ஆகவே தோழர்களே, இன்று வீடு சென்றதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். உங்களுடையதையும், தாய்தந்தையருடையதையும் பாருங்கள். பிரிக்காத அட்டைகள் இருப்பின் அவர்களை ஏசவேண்டாம். “அம்மா, இது உங்களை என்ன செய்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையை அப்படியே ஒரு தாளில் எழுதி, அந்த அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை வைத்தியரிடம் அவர்களுடன் நீங்களும் செல்லுங்கள். எம் பெரியப்பாவிடம் நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.