ஜியோமெட்ரி பாக்ஸில் ஒரு சிவப்புக் கயிறு

செங்கல்பட்டில் அந்த அம்மாவுக்குத் தையல் வேலை. கணவர் மாமல்லபுரம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பாப்டிஸ்ட் சபை ஒன்று நடத்தும் சிறிய தனியார் பள்ளியில் மகன் எட்டாம் வகுப்பு. 'ஒழுக்கமா வளர்க்கிறாங்க' என்று ஊரே சொன்னதால், கடன் வாங்கி ஃபீஸ் கட்டிச் சேர்த்த பள்ளி.

ஒருநாள் இரவு, துணியில் கோடு போட பென்சில் தேடி மகனின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தார். காம்பஸுக்கு அடியில், தை மாதம் மேல்மருவத்தூர் போய்வந்த பாட்டி பேரன் கையில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு இரண்டு துண்டாகக் கிடந்தது. பிரேயர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் பி.டி. சார் கத்தரித்தாராம்.

"குனிஞ்சு பொறுக்கினேன்மா. எல்லாரும் சிரிச்சாங்க" என்றவன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, டி.சி. வாங்கிவிடும் முடிவோடுதான் போனார். தலைமையாசிரியை டைரியைத் திறந்து காட்டினார். நகம் வெட்டியிருக்க வேண்டும், செல்போன் கூடாது, கையில் கயிறு கூடாது. கீழே அம்மாவின் கையெழுத்து. படிக்காமல் போட்டது.

"அது சாமிக் கயிறு மேடம். உங்க ஜெபத்துல மட்டும் என் பையன் நிக்கணுமா?"

"ஜெபத்துக்குக் கட்டாயம் இல்லம்மா. பெற்றோர் சம்மதம் இல்லாம மத போதனையில பிள்ளையை உட்கார வைக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் 28(3) சொல்லுது. கயிறு வேற விஷயம். கலரைப் பார்த்தே சாதியைக் கண்டுபிடிக்கிறாங்க. 2023ல நாங்குநேரியில நடந்தது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சக மாணவர்கள் வீடு புகுந்து அண்ணனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டிய சம்பவம். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அம்மா படித்த காலத்தில் பெயரைக் கேட்டவர்கள், அடுத்துத் தெருவைக் கேட்பார்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

தலைமையாசிரியை இன்னொன்றும் சொன்னார். 1837ல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய மிஷன் பள்ளிதான் பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியானது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தபோது, 'அவர்களை வெளியே அனுப்புங்கள்' என்றார்கள் மற்ற பெற்றோர். ஆண்டர்சன் மறுத்தார். பலர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அப்போதும் அவர் இறங்கி வரவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளைங்க மரியாதைக்காகத்தானே மேடம் அவர் அப்படி நின்னாரு? என் பையனுக்கு அந்த மரியாதை வேணாமா? வீட்டுலயே கழட்டிட்டு வான்னு சொல்லியிருந்தா, நானே கழட்டியிருப்பேனே."

தலைமையாசிரியை டைரியை மூடினார். "தப்புதாம்மா" என்றார்.

டி.சி. வாங்கவில்லை. அடுத்த வருட டைரியில் அந்த விதி அப்படியே இருந்தது. கூடவே ஒரு வரி: 'கயிறை ஆசிரியர்கள் அறுக்கக் கூடாது, பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும்.' இந்த முறை அம்மா முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கயிற்றின் இரண்டு துண்டுகளையும் பாட்டி முடிச்சுப் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். லீவு நாளில் மட்டும் பேரன் எடுத்துக் கட்டிக்கொள்கிறான்.